கடை நடத்தும் பெண்டிரும் கவனக் குறைபாடும்

(காரைக்காலில் நம் சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருபத்து மூன்று ஆண்டுகட்கு முன், யாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், எம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். செய்யுளை ஒருமுறை கேட்ட அளவிலே ஒப்பிப்பாள்; வீட்டுப்பாட ஏட்டை மட்டும் நாடோறும் மறப்பாள். "அறிவுண்டு, அக்கறையில்லை" என்று அவளது மதிப்பெண் அட்டையில் எழுதினோம். அவ்வம்மை இப்பொழுது இவ்வூரில் தையற்கடை நடத்துகின்றார். சென்ற ஆண்டு மனநல மருத்துவர் ஆய்ந்து, அவர்க்குள்ளது ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு என்றனர். அதனை எம்மிடம் கூற வந்தவர், "ஐயா, அக்கறை இருந்தது" என்றதோடு நிறுத்திவிட்டார். யாம் வாய்திறக்க இயலாதிருந்தோம். இவ்வுரை, அவர் இசைவு பெற்று, அன்று கூறாத மறுமொழியைக் கூறுவதாகும்.

இஃது இக்காலத்தார் புனைந்த நோயன்று. 1798-இல் அலெக்சாந்தர் கிரைட்டன் என்னும் மருத்துவர் கவனம் நிலைபெறாமை பற்றி எழுதினார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்பார் இலண்டனில் இத்தகைய சிறுவரைப் பற்றி விரிவுரையாற்றினார். பன்னிரண்டு வயதிற்கு முன்னரே சில அறிகுறிகள் தோன்றியிருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வகுத்த விதி. ஆதலின் முப்பதில் அறியப்படினும் முப்பதில் வந்ததன்று. ஓடித் திரியும் ஆண்பிள்ளை ஆசிரியர் கண்ணிற் படுகின்றான். சாளரத்தை நோக்கி வாளா அமர்ந்திருக்கும் பெண்பிள்ளை படுவதில்லை. இல்லறமும் பிள்ளைகளும் வாணிகமும் ஒருங்கே தோளில் ஏறும்பொழுதுதான் அவள் அதுகாறும் அரிதின் மறைத்தது வெளிப்படுகின்றது.

புதிய சட்டை வெட்டுவதெனில் நம் அம்மை ஊணும் உறக்கமும் மறந்து அமர்வார். கணக்கெழுதுவதெனில் கை ஓடாது. ஜி.எஸ்.டி. கணக்கை மாதந்தோறும் தருவோர் மறுமாதம் 20-ஆம் நாளுக்குள் தருதல் வேண்டும். தவறின் நாளொன்றுக்கு ரூ. 50 தண்டம், விற்பனையே இல்லாத மாதத்திற்கும் ரூ. 20. பெட்டியிற் பணம் இருக்கவே தண்டம் கட்டினார். வீட்டார் திமிர் என்றனர். ஆனித் திங்கள்தோறும் மாங்கனி இறைத்து, வணிகர் மனையில் வாழ்ந்து கணவனால் ஐயுறப்பட்ட ஓர் அம்மையைப் போற்றும் ஊர் இது; நம் வீட்டுப் பெண்டிர் "முயன்றேன், முடியவில்லை" எனின் நாமும் ஐயுறுகின்றோம்!

நடிகையை இம்மேடையிற் காட்டுதல் சிலர்க்கு ஒவ்வாதாயினும் சொல்லுவோம். ஆலியா பட் என்பார் 2020-இல் எட்-ஆ-மம்மா என்னும் சிறுவர் ஆடைத் தொழிலைத் தொடங்கினார்; 2023-இல் ரிலையன்ஸ் சில்லறை வணிக நிறுவனம் அதில் 51 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. தமக்கு இக்குறைபாடு உண்டெனச் சோதனையால் அறிந்ததை அவர் வெளிப்படக் கூறியது 2024-இலேயாம். வகுப்பிலிருந்த நாள் முதலே கவனம் எங்கோ செல்லுமென்றும் கூறினார். செல்வமும் உதவியாளரும் உடைய அவர்க்கே முப்பது வயது கடந்தது.

மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வர். முதலில் யாரை நாடுவதென அறியாதோர், 2022 முதல் அரசு நடத்தும் டெலி-மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. வீட்டார் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இக்குறைபாடுடையார் பலர்க்குத் தனியே தொடங்க இயலாத வேலை, ஒருவர் அருகிருப்பின் எளிதாகின்றது. அவர் ஏவ வேண்டா, திருத்த வேண்டா; தம் வேலையைத் தாம் பார்த்திருப்பின் போதும். மாதந்தோறும் 18-ஆம் நாள் மாலை யாம் விடைத்தாட் கட்டோடு அத்தையற்கடைக்குச் செல்கின்றோம். அவர் கணக்கெழுத, யாம் எதிரில் அமர்ந்து விடைத்தாள் திருத்துகின்றோம். சென்ற மூன்று மாதங்களாகத் தண்டம் இல்லை.