மரம் வெட்டினேன் என்றால் என்ன அர்த்தம்?

(பொந்தியானில் தொழிலாளர் சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் பேச வந்தவன் ஆஸ்திரேலியக் கொச்சைச் சொற்களில் ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

1788-இல் பிரிட்டன் தன் கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் சிட்னியில் இறக்கியது. அவர்களில் பலர் தங்களுக்குள் ஒரு திருட்டுப் பாஷை பேசினார்கள். சாட்சி பேசுவதும் ஆங்கிலம், நீதிபதி பேசுவதும் ஆங்கிலம். அப்படியிருந்தும் தொடக்க கால நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் அடிக்கடி தேவைப்பட்டார் என்று அங்கே பணியாற்றிய வாட்கின் டென்ச் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். 1812-இல் ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதி அந்தச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அதைத் தன் மேலதிகாரிக்கே சமர்ப்பித்தார். மாஜிஸ்திரேட் வேலைக்கு உதவுமாம்! 'ஸ்வேக்' என்றால் அன்று திருட்டு மூட்டை. பின்னாளில் வேலை தேடி ஊர் ஊராக நடந்த கூலிக்காரனின் தோள்மூட்டைக்கும் அதே பெயர். 1988-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய தேசிய அகராதியில் இத்தகைய சொற்களுக்கெல்லாம் இடம் கிடைத்தது.

நம் கதைக்கு வருவோம். தோட்டத்துத் தமிழ் என்றால் நம்மில் படித்தவர்களே முகம் சுளிக்கிறார்கள். 'இண்டர்லோக்' நாவல் 2011-இல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது அதிலிருந்த ஓர் இழிசொல்லை எதிர்த்தோம், அவ்வாண்டு இறுதியில் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. சரியான போராட்டம். ஆனால் நாமே உண்டாக்கிய சொற்களுக்காக யார் பேசினோம்?

முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் உழைத்த ஓர் அம்மா, தோட்டம் கைமாறியதும் நட்டஈடு கேட்டு விசாரணையில் நிற்கிறார் என்று வையுங்கள். "நான் மரம் வெட்டினேன் ஐயா" என்கிறார். உங்களுக்கும் எனக்கும் தெரியும், அது பால் எடுக்க மரத்தைச் சீவுவது. மலாயில் 'மெனோரே'. தோட்டம் அறியாத மொழிபெயர்ப்பாளர் 'மெனெபாங்' என்று சொல்லிவிட்டால்? மரத்தைச் சாய்த்தவர் ஆகிவிடுகிறார். மறுநடவுக்குக் குத்தகைக்காரர் கூட்டி வந்த ஆள், எங்கள் தொழிலாளியே அல்ல என்று முதலாளி தரப்பு எழுந்து நிற்கும்.

"தினமும் பெரட்டுக்குப் போனேன்" என்கிறார். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் பெரட்டு. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்தது. வெளியாள் காதில் அது 'புரட்டு' என்று விழுந்தால் சிரிப்புதான். சிரித்து முடிப்பதற்குள், தோட்ட நிர்வாகம் அவரை நாள்தோறும் பெயர் சொல்லி அழைத்தது என்ற சாட்சியம் காணாமல் போயிருக்கும். மண்டோர் என்றாலும் அப்படியே. தோட்டத்து மண்டோரா, குத்தகைக்காரரின் மண்டோரா என்பதை யாராவது கேட்க வேண்டுமே!

இது வெறும் சொல் விவகாரமல்ல. 1980-ஆம் ஆண்டின் வேலை நிறுத்த, ஆட்குறைப்புச் சலுகை விதிகளின்படி, ஐந்து வருடம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடத்துக்கு 600 நாள் சம்பளம், ஒரு சொல்லில் தொங்குகிறது.

ஆகவே விசாரணைக்குப் போகிறவர்கள் கேளுங்கள். செந்தமிழ் பேச முயல வேண்டாம்; அப்போதுதான் நாக்கு குழறும். உங்கள் சொல்லையே சொல்லி, அடுத்த மூச்சில் செய்த வேலையை விவரியுங்கள்: கத்தியைப் பிடித்த விதம், மங்கு வைத்தது, பாலைச் சுமந்து போய் நிறுத்தது. பழைய சம்பளச் சீட்டு ஒன்றிரண்டாவது கையோடு இருக்கட்டும். நம்மில் பெரும்பாலோருக்கு மலாய் நன்றாகவே தெரியும். மொழிபெயர்ப்பு பிசகினால் மரியாதை பார்த்துச் சும்மா இராமல், அங்கேயே கையைத் தூக்கி, "துவான், நான் சொன்னது அதுவல்ல" என்று சொல்லுங்கள். பதிவு எழுதி முடித்த பிறகு என்னைப் போன்ற வழக்கறிஞரிடம் வந்து சொன்னால், அதைத் திருத்துவது பெரும்பாடு.