பரணுக்குக் கூரைச் சாளரம் வேண்டுமா?

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓட்டு வீட்டைப் பழுது பார்க்கும்போது, பரணுக்கு மேலே கண்ணாடி ஓடு பதிக்கலாமா, அல்லது திறந்து மூடும் கூரைச் சாளரம் அமைக்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. இது கொத்தனாரும் தச்சரும் மட்டும் முடிவு செய்ய வேண்டிய பொருள் அன்று. பரணில் இருப்பவை உடைந்த கலப்பையும் பழைய பாயுமானால், எம்முடிவு செய்தாலும் பெருங்கேடு இல்லை. அங்கே இருப்பது வரும் பட்டத்துக்குரிய விதையானால், கூரையில் விடும் அந்த ஒரு முழ இடைவெளி அடுத்த விளைச்சலையே பாதிக்கக் கூடும்.

சாளரம் வேண்டும் என்போர் கூறும் காரணங்கள் தள்ளத்தக்கவை அல்ல. பரண் இருண்டு கிடக்கிறது. ஏறுகிறவர் கால் வைக்கும் இடம் தெரியாமல் தடுமாறுகிறார். எலி வளையும் கரையானும் மழை ஒழுக்கும் கண்ணிற்படுவதில்லை. மூட்டைகளுக்கிடையே பாம்பு புகுந்திருந்தாலும் அறிய வழியில்லை. பகலில் வெப்பக் காற்று முகட்டின் கீழே தேங்கி நிற்கிறது. இவை யாவும் உண்மையே. வெளிச்சமும் காற்றும் மனிதருக்கு நல்லவை. ஆனால் மனிதருக்கு நல்லவை யாவும் விதைக்கும் நல்லவை என்று கொள்ளலாகாது.

விதை உயிருள்ள பொருள். அதன் ஆயுளைக் காப்பவை உலர்வும் குளிர்ச்சியும் ஆகும். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும். சேமிப்பிடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே என்பது விதை நூலார் கையாளும் பொதுக் கணக்கு. சாதாரணச் சாக்கில் வைக்கும் நெல் விதையின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கும், பயறு, நிலக்கடலை விதைகளின் ஈரப்பதம் 9 சதவீதத்துக்கும் மேற்படலாகாது என்று விதைச் சான்றளிப்புத் தரம் வரையறுக்கிறது. கண்ணாடி வழியே விழும் வெயில், மூட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்குகிறது. சூடேறிய பக்கத்து ஈரம் குளிர்ந்த பக்கத்தை நோக்கி நகர்ந்து, அங்கே பூசணம் பிடிக்க இடம் தருகிறது. நிலக்கடலையில் அப்பூசணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்க வல்லது. உருளைக்கிழங்கோ வெளிச்சம் பட்டால் பச்சை நிறமாகி உண்ணத்தகாததாகிறது.

‘வடக்குச் சரிவில் வைத்தால் வெயில் விழாதே’ என்று சிலர் கூறுவர். குளிர்நாட்டுக்குப் பொருந்தும் இக்கருத்து நம் நாட்டுக்குப் பொருந்தாது. தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 முதல் 13½ டிகிரி வரை அமைந்துள்ளது. ஏப்ரல் மாத இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை, உச்சிப் பொழுதில் கதிரவன் நமக்கு வடபுறமே சாய்ந்து நிற்கிறான். ஆகவே கத்திரி வெயில் காயும் நாள்களில் வடக்குச் சரிவே அவ்வெயிலை நேராக ஏற்கிறது. திசையை மாற்றி வெப்பத்திலிருந்து தப்ப இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்து நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுக் கூரை மழையைத் தாங்குவது, ஓர் ஓட்டின்மேல் மற்றோர் ஓடு படிந்திருப்பதனால் ஆகும். சட்டம் வைத்த சாளரம் அந்தத் தொடர்ச்சியை அறுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்தடிக்கும்போது, அச்சட்டத்தின் ஓரமே முதலில் ஒழுகத் தொடங்கும். ஒழுகாவிட்டாலும், குளிர்ந்த இரவில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் துளியாகப் படிந்து கீழே சொட்டக் கூடும்.

எனவே முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். பரணில் வைப்பது யாது? வேண்டுவது வெளிச்சமா, காற்றா? ஆண்டுதோறும் கூரையேறிப் பார்த்துப் பழுது நீக்க ஆள் உண்டா?

விதையும் தானியமும் வைக்கும் பரணாயின், கூரையைத் திறவாதிருப்பதே நன்று. வெளிச்சம் வேண்டுமெனில், ஏணியின் அடியில் சுவிட்சு வைத்து ஓர் எல்.இ.டி. விளக்குப் பொருத்துங்கள், எலி கடியாதபடி மின்கம்பியைக் குழாய்க்குள் செலுத்துங்கள். காற்று வேண்டுமெனில், இறவாரத்தின் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் சிறு துளைகள் விட்டு, 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை அடித்து, மூடுபலகையும் வையுங்கள். காற்று உலர்ந்திருக்கும் நாளில் திறந்து, மழை நாளில் மூடி வைக்க வேண்டும். ஈரக்காற்றை உள்ளே விடுவது காற்றோட்டம் ஆகாது. வெங்காயத்துக்கும் வேண்டுவது இத்தகைய பக்கக் காற்றே அன்றி, மேலிருந்து விழும் வெயில் அன்று.

கருவிகளும் தட்டுமுட்டுப் பொருள்களும் மட்டும் வைக்கும் பரணாயின், ஒரே ஒரு கண்ணாடி ஓடு போதும். அதே அளவும் வளைவும் உள்ளதாகப் பார்த்து, பழைய ஓட்டை எடுத்துவிட்டுப் பொருத்தினால், கூரையின் படிவு கெடாது, செலவும் மிகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். பொதுச் சேமிப்பு அறைகளுக்குக் கான்கிரீட் கூரை இருப்பின், வெளிச்சத்துக்காக அதை வெட்டத் துணியலாகாது. வெட்டும்போது உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகள் அறுபட்டுக் கூரையின் வலிமை குன்றும். பக்கச் சுவரிலேயே சாளரம் வைக்கலாம். அதற்கும் பொறியாளரைக் கலந்தே மதிப்பீடு தயாரிக்க வேண்டும்.

முன்பே கண்ணாடி ஓடு பதித்தவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரே மூட்டை விதையை இரு சிறு பைகளாக்கி, ஒன்றைக் கண்ணாடியின் கீழும் மற்றொன்றை நிழலிலும் இரண்டு மாதம் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 100 விதை எண்ணி, நனைந்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் காத்து, முளைத்தவற்றைக் கணக்கிடுங்கள். சான்று விதைக்கு வேண்டிய குறைந்த முளைப்பு நெல்லுக்கு 80, பயறுக்கு 75, நிலக்கடலைக்கு 70 சதவீதம். நிழலில் இருந்தது இவ்வளவை எட்டி, கண்ணாடியின் கீழ் இருந்தது எட்டாவிடில், அந்த ஓட்டை இந்த ஆண்டே மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒத்திருந்தாலும், கோடை முழுதும் வைத்து மறுமுறை சோதித்த பின்னரே அதை நம்புங்கள். விதைத்த பின் வயலில் அறிவதினும், விதைக்குமுன் சாக்கில் அறிந்துகொள்வது மேல்.