எந்த ஸ்மோக்கர் வாங்கலாம்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது. என் கதையையே சொல்லிடறேன்.

ஹூஸ்டன்ல வீடு வாங்கினதும் நான் முதல்ல எடுத்தது ஆஃப்செட். படுக்க வச்ச உருளை, பக்கத்துல தனியா நெருப்புப் பெட்டி. விலை கம்மின்னு மெல்லிசுத் தகட்டுல செஞ்சதா வாங்கிட்டேன். அதுல சூடு நிக்காது. காத்து அடிச்சா இறங்கும், கட்டை போட்டா எகிறும். பெரிய பிரிஸ்கெட், அதாவது மாட்டு நெஞ்சுக்கறி, 110 டிகிரி செல்சியஸ்ல வேக 12 மணி நேரத்துக்கு மேலயே ஆகும்.

அன்னைக்கு ஊர்லேர்ந்து அப்பா வந்திருந்தார். எல்லாரும் உள்ளே அவரோட பேசிட்டிருக்க, நான் வெளியே விறகு போட்டுட்டு நின்னேன். கறியோட உள்சூடு 70 டிகிரி கிட்ட வந்து மணிக்கணக்கா நகரவே இல்லை. ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர வைக்கும், அது இயல்புதான்னு அப்போ தெரியாது. பயந்துபோய் விறகை அள்ளிப் போட்டேன். வெளியே கரி, உள்ளே ரப்பர். அப்பா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டார்.

அதனால, நெருப்புப் பக்கத்துல எத்தனை மணி நேரம் உங்களால நிக்க முடியும்னு முதல்ல யோசிங்க. நிக்கப் பிடிக்கும்னா கால் அங்குல இரும்புல செஞ்ச ஆஃப்செட். விலை அதிகம்தான். பெல்லட் மெஷின் மின்சாரத்துல தானே மரத்தூள் குச்சிகளைத் தள்ளிக்கும். சுலபம், ஆனா புகை வாசம் கம்மி. நான் இப்போ வச்சிருக்கிறது புல்லட்: நிமிர்ந்த உருளை, கீழே கரி, நடுவுல தண்ணித் தட்டு. காத்துத் துவாரத்தைச் சரியா வச்சுட்டா ரொம்ப நேரம் தொடவே வேண்டாம்.

எதை வாங்கினாலும் கராஜ், மூடின பால்கனியில மட்டும் வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.