மாற்றத்தை முதலில் காண்பவர்கள்

வயதுவந்தோரிடம் மனநோயின் அறிகுறிகளை அறிதல் என்னும் பொருளை ஆராய ராஜபாளையத்தில் கூடியிருக்கிறோம். அவையின் முன் ஒரு கருத்தை மட்டும் வைக்கிறேன். மனநோயை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். உடன் வாழ்பவரும் உடன் உழைப்பவருமே. ஆகவே அறிகுறி பற்றிய அறிவு முதலில் அவர்களைச் சென்றடைய வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில், நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் நோய் வந்திருப்பதே தெரியாமல் போவது அதற்கும் முந்தைய காரணம். நம் வட்டாரத்தில் அது எளிதாக மறைகிறது. நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்குத் தூக்கம் கெட்டால் ஷிப்டைக் காரணம் சொல்கிறோம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுபவர் சோர்ந்தால் வேலைப்பளு என்கிறோம். திருவில்லிபுத்தூரில் ஒரு குடும்பத்தலைவிக்குத் தலைவலியும் வயிற்றெரிச்சலும் ஓயாவிட்டால் மாத்திரை வாங்கித் தருகிறோம். மனச்சோர்வு பல நேரம் உடல்வலியாகவே வெளிப்படுகிறது என்பதை நினைப்பதில்லை.

இந்த மறைப்பைத் தாண்ட ஓர் அளவுகோல் உண்டு. ஒருவரை ஊரோடு ஒப்பிடாமல், அவருடைய பழைய இயல்போடு ஒப்பிட வேண்டும். விடுமுறை வாரத்திலும் தூக்கம் திரும்பவில்லையா? பிடித்த காரியத்தில் நாட்டமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? சிக்கனமானவர் திடீரென்று கடன் வாங்கிச் செலவழித்து, இரண்டு மணி நேரமே தூங்கியும் களைப்பின்றி ஓயாமல் பேசுகிறாரா? கலகலப்பானவர் எல்லோரையும் சந்தேகித்து, குளியலும் உணவும் மறந்து, யாரும் பேசாத குரலுக்குப் பதில் சொல்கிறாரா? சாவைப் பற்றிய பேச்சு அடிக்கடி வருகிறதா? இந்த மாற்றங்கள் ஐந்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்குப் புலப்படா. பல ஆண்டுகளாக உடனிருப்பவருக்கே புலப்படும்.

இப்படிச் சொன்னால் சாதாரணத் துக்கத்துக்கும் நோய் முத்திரை விழும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அறிகுறியைக் கவனிப்பது வேறு, நோயைத் தீர்மானிப்பது வேறு. தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைவும்கூட மனச்சோர்வு போலத் தோன்றும். முதியவருக்குத் திடீரென வரும் குழப்பம் பல நேரம் உடல்நோயின் விளைவு. அதனால்தான் குடும்பத்தார் கவனிக்க வேண்டும், மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தவர்களாவோம் என்பதும் தவறான அச்சம். பரிவோடு கேட்பது தீங்கு செய்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

கோயிலையும் தர்காவையும் நாடும் மக்களை இந்த அறிவு புண்படுத்தும் என்பது மற்றொரு மறுப்பு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொல்கிறது. அடைக்கலம் தரும் சூழல் நோயாளிக்கு உதவுகிறது. அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அதே தமிழ்நாட்டு மண்ணில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட 28 பேர் தீயில் மாண்டார்கள். சங்கிலியை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆயினும் நோய் முற்றும்வரை காத்திருக்கும் குடும்பம் செய்வதறியாமல் மீண்டும் அந்தக் கொடுமையையே நாடக்கூடும். தொடக்கத்திலேயே அறிந்தால் வழிபாடும் மருந்தும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும்.

எனவே இந்த அவைக்கு ஒரு பரிந்துரை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடுதேடி வந்து கவனிக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளையும் அத்திட்ட ஊழியர் சேர்த்துக் கேட்கலாம். ஆம் என்றால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பலாம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணையும் தரலாம். ஆலை மேற்பார்வையாளருக்கும் இதே பயிற்சியைத் தர வேண்டும். இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் இந்த ஊழியரும் மேற்பார்வையாளரும் கையாளத்தக்க ஒரு முடிவையாவது தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.