கற்பவர் வழியில் கற்பிப்போம்

(பங்கின் பொன்விழாவையொட்டி, மாலை வகுப்பு ஆசிரியர் - பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்களித்த தலைப்பு "கற்றல் கொள்கைகளும் பயிற்சி முறைகளும்" என்பதாகும். தலைப்பு பெரிது. நானோ பேராசிரியன் அல்லன். முப்பது ஆண்டுகள் இளைஞர்களுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன். ஆகவே என் பட்டறையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பயிற்றுநராகச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு வாரம் முழுவதும் கரும்பலகையில் பாடம் நடத்தினேன். மின்னோட்டம் எவ்வளவு, ராடுக்கும் தகட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்றெல்லாம் எழுதிப்போட்டேன். பையன்கள் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். மறுநாள் பட்டறையில் ஒரு பையன் ராடைத் தொட்டதும் அது தகட்டோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி தொட்டான், மறுபடி ஒட்டியது. "நேற்று எழுதினாயே, மண்டையில் ஏறவில்லையா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. அவன் மந்தமா, என் பாடம் மந்தமா? இந்தக் கேள்வி என்னை நெடுங்காலம் உறுத்தியது.

அன்பர்களே, மனிதன் எப்படிக் கற்கிறான் என்று நாம் நம்புகிறோமோ, அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த நம்பிக்கையைத்தான் அறிஞர்கள் கற்றல் கொள்கை என்கிறார்கள். சொன்னால் போதும், தெரிந்துவிடும் என்பது அன்று என் கொள்கை. அது தவறான கொள்கை என்பதை அறியாமலேயே அதைக் கடைப்பிடித்தேன்.

நல்ல கொள்கைகளைத் தேடி நாம் அயல்நாடு போக வேண்டியதில்லை. மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தாலே போதும்.

வடக்கே காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம். அங்குள்ள பாடசாலைகளில் வேதமும் திவ்யப் பிரபந்தமும் கற்பிக்கும் முறைக்குச் 'சந்தை' என்று பெயர். ஆசிரியர் ஒரு முறை சொல்வார். மாணவர்கள் இரு முறை திருப்பிச் சொல்வார்கள். பாடம் சிறு சிறு துண்டாகவே போகும். பிழை வந்தால் அந்த இடத்திலேயே திருத்தம். பழம்பாடத்தை நாள் விட்டு நாள் மீண்டும் ஓதுவதும் உண்டு. 1885-இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்தார். கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறக்கிறது, ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே நிலைக்கிறது என்று கண்டார். 1953-இல் அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். தாம் போட்ட கணக்கு சரியா தவறா என்று தெரியாமலேயே பிள்ளைகள் காத்திருப்பதைக் கண்டு வருந்தினார். சிறு படி, உடனடித் திருத்தம் என்பதே அவர் பின்னர் வலியுறுத்திய முறை. வாய்ப்பாடு, எழுத்துப்பிழை, ஆங்கிலச் சொற்கள் ஆகியவற்றுக்கு இம்முறையே ஏற்றது. ஆனால் மனப்பாடம் மட்டும் போதுமா?

மலையடிவாரத்தில் தெப்பக்குளத்தருகே தூய வளனார் கல்லூரியைப் பாருங்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு வந்த இயேசு சபையாரின் கல்லூரி அது. அச்சபையார் 1599-இலேயே தங்கள் பள்ளிகளுக்கு ஒரு கல்வித் திட்டத்தை வகுத்தார்கள். மாணவன் ஒரு பகுதியைத் தானே படிக்குமுன், அதன் பொருளையும் அருஞ்சொற்களையும் ஆசிரியர் விளக்கி வழிகாட்ட வேண்டும். சனிக்கிழமை தோறும் அந்த வாரப் பாடத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மனப்பாடத்தைக் கேட்க மாணவர்களிலேயே தலைவர்களை அமர்த்த வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலையும் ஏறக்குறைய இதுதானே! 1789-இல் சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கவும் வைத்தார். 1797-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவியது.

கூடப் படிப்பவனின் உதவி ஏன் பலிக்கிறது? 1934-இல் மறைந்த ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி இதற்கு விடை தந்தார். குழந்தை இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை தனியே செய்யும். அந்த இடத்தில்தான் ஆசிரியர் கைகொடுக்க வேண்டும் என்றார். 1976-இல் புரூனரும் அவருடைய தோழர்களும் இந்த உதவியைக் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுந்து, 1987-இல் குடமுழுக்குக் கண்டதை நம்மில் பெரியவர்கள் அறிவோம். கட்டும்போது சாரமின்றி ஒரு செங்கல்லையும் ஏற்றியிருக்க முடியாது. கட்டி முடித்தபின் சாரத்தைப் பிரிக்காமலும் இருக்க முடியாது. பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தை நாமே எழுதிக்கொடுப்பது, சாரத்தையே கோபுரம் என்று எண்ணுவதாகும்.

இனிக் கிழக்கே திருவெறும்பூர். 1960-களில் அங்கே தொடங்கிய கொதிகலன் தொழிற்சாலையால் நம் ஊரில் வெல்டிங் என்பது குடும்பத் தொழில்போல் ஆகிவிட்டது. இத்தொழில் செய்துதான் வரும். முதலில் கிடைமட்டத் தகடு, பிறகு செங்குத்து, பிறகு தலைக்கு மேல், கடைசியில் 45 பாகை சாய்ந்து நிற்கும் குழாய் என்று வரிசையாக ஏற வேண்டும். அந்தப் பையனை இழந்தபின் என் முறையை நான் மாற்றிக்கொண்டேன். முதல் நாளே ராடைக் கையில் கொடுத்தேன். அவன் கையோடு என் கையை வைத்துப் பிடித்தேன். "வடை பொரியும் சத்தம்போல் சீராகக் கேட்கிறதா? அதுதான் சரியான இடைவெளி" என்று காதுக்குப் பாடம் சொன்னேன். கரும்பலகைக்கு அதன் பிறகே போனேன். தாமே பட்டதை விளக்கியபோது பையன்கள் சட்டென்று புரிந்துகொண்டார்கள். பாடம் மாறவில்லை, வரிசைதான் மாறியது.

ஆகவே எந்த ஒரு கொள்கையும் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. நினைவில் நிற்க வேண்டியதற்குத் திருப்புதல். புரிய வேண்டியதற்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் விளக்கம். கைக்கு வர வேண்டியதற்குச் செய்முறை. எது எதற்கு என்று அறிந்து பாடத்தை அமைப்பதே பயிற்றுநரின் கடமை.

நம் மாலை வகுப்புக்கு நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, பிள்ளைகளை வகுப்பு வாரியாக மட்டும் உட்கார வைக்காதீர்கள். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையைப் பார்த்தே குழு பிரித்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லையென்றால் கழித்தலிலிருந்தே தொடங்குவோம். இரண்டு, கணக்கு நோட்டை அன்றன்றே, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு திருத்துவோம். மூன்று, சனிக்கிழமையைப் புதுப்பாடமின்றித் திருப்புதலுக்கே விடுவோம். நான்கு, பெரிய வகுப்பு அண்ணன், அக்காமாரைச் சிறியவர்களுக்குச் சொல்லித்தர வைப்போம். சொல்லித்தருபவரும் அதனால் கற்கிறார்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற சொல்லைப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லித்தான் நான் ஒரு தொழிலாளியை இழந்தேன். அவன் பெயர் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை நின்றுவிட்டால், அடுத்த நாள் மாலையே யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், "எந்த இடத்தில் புரியவில்லை தம்பி?" என்று கேட்டு வாருங்கள். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.