பலகைமேல் பாய்க்கப்பல்

கடலில்லாப் புனே நகரில் வாழும் நாம் கடற்போரை மேசைமேல் காணலாம். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘உடன் ஷிப்ஸ் அண்ட் அயர்ன் மென்’ என்னும் பலகை விளையாட்டு, பாய்க்கப்பற் போரைப் பற்றியது. அறுகோணக் கட்டங்களே கடல். அட்டைத் துண்டுகளே கலங்கள். இருவரும் தத்தம் நகர்வை முன்னரே மறைவாக எழுதிவைத்து, ஒருங்கே நகர்த்துவர். காற்றே அங்கு அரசன். அதற்கு நேரெதிரே எக்கலமும் செல்லாது.

இவ்வுண்மையை மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே நன்கறிந்திருந்தார். காற்று ஓய்ந்தால் ஐரோப்பியரின் பெருங்கப்பல் அசையாது நிற்கும். துடுப்புடைய அவருடைய சிறுகலங்களோ பின்புறமாக நெருங்கித் தாக்கும். அவர் 1729-இல் மறைந்தார். பின்னர் அவர் மகன் துளாஜி, புனேயில் ஆண்ட பேஷ்வாவுக்கு அடங்கவில்லை. அவரை ஒடுக்கப் பேஷ்வா பாலாஜி பாஜிராவ் ஆங்கிலேயருடன் கைகோத்தார். 1756 பிப்ரவரியில் விஜயதுர்க்கத்தின்மேல் ஆங்கிலேயர் குண்டுமாரி பொழிய, ஆங்கரேயின் கலங்கள் எரிந்து சாம்பலாயின. உட்பகை ஒழிந்தது, உடன் கடல்வலியும் குன்றியது.

ஆட்டத்தில் மூழ்கிய கலத்தை நாளை மீண்டும் பலகையில் வைக்கலாம். விஜயதுர்க்கத்தில் எரிந்த வலிமையைப் புனே முன்போல் மீட்கவேயில்லை. பிள்ளைகளுடன் ஆடும்போது இதனையும் அவர்களுக்குச் சொல்வோமாக.