வாள் நுனி சொல்லும் பாடம்



வாள் என்றதும் சண்டையை நினைக்க வேண்டாம். சீனாவின் பூங்காக்களில் காலை வேளையில் முதியவர்கள் நிதானமாக வாள் பழகுவதைக் காணலாம். 1957-இல் அங்கே யாங் மரபிலிருந்து தொகுத்த, 32 அசைவுகள் கொண்ட டாய் சி வாள் வரிசை அதில் பிரபலமானது. செய்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும்.

வெறுங்கையோடு பழகும்போது தோள் இறுகினால் நமக்கே தெரிவதில்லை. கையில் வாள் இருந்தால், பிடியில் உள்ள சிறு இறுக்கமும் நுனியில் நடுக்கமாகத் தெரிந்துவிடும். ஆகவே பிடியைத் தளர்த்துங்கள். கையை வீசாமல் இடுப்பிலிருந்து திரும்புங்கள். இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, மற்ற இரண்டையும் கட்டைவிரலால் மடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கை சமநிலைக்கு உதவும்.

முதலில் வெறுங்கை அசைவுகள், பிறகு மர வாள். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் வேண்டாம். மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வயதாக ஆக நம்மில் பலருக்கும் உள்ள பயம், கீழே விழுந்துவிடுவோமோ என்பதுதான். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நிதானமாக மாற்றப் பழகினால் அந்தப் பயம் குறையும். வாள் கற்றுத் தருவதும் அதைத்தான்.